ரஞ்சன்குடிக்கு ஒரு யானை

பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் என் நண்பன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தான். சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அவனிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாரம் முழுக்க அங்கே வார்னிஷ் வாசனையும் சுத்தியல் சத்தமுமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பிரித்துப் போட்ட இரண்டு மோட்டார்களின் மேல் ஒரு பழைய கதவுப் பலகையை வைப்போம். பலகைக்கு மேல் பச்சை பெயிண்ட் அடித்த சாக்கு. அதற்கு மேல் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சண்டை போடுவார்கள்.

ஆட்கள் சுண்டுவிரல் உயரம். வைண்டிங் கடையில் கழித்துப்போட்ட செம்புக் கம்பியை முறுக்கிக் கை, கால், தலை. குழாய் ஒழுகலை அடைக்கும் மாவைப் பிசைந்து கம்பி மேல் அப்பினால் சதை. சோடா மூடியைத் தட்டி நிமிர்த்தினால் அவன் நிற்பதற்குத் தரை. துப்பாக்கிக்கு ஈர்க்குச்சி, அதன் முனையில் கத்திக்குக் குண்டூசி. முதலில் செய்தவர்கள் எல்லாம் வயிற்றுவலி வந்தவர்கள்போல் நின்றார்கள். போகப்போக நிமிர்ந்தார்கள்.

இந்த விளையாட்டை ஊருக்குக் கொண்டுவந்தவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, திருப்பூர், சூரத், பம்பாய் என்று எங்கே வேலை இருக்கிறது என்றார்களோ அங்கே போனேன். பூனாவில் வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்கும் கூலியாக இருந்தபோது, ஒரு வீட்டில் ஒரு அறையை மட்டும் கடைசியாக அடிக்கச் சொன்னார்கள். உள்ளே மேசை நிறைய ஈயச் சிப்பாய்கள். தலை நரைத்த இரண்டு பேர் எதிரெதிரே நின்று, பகடை உருட்டி, டேப் பிடித்து அளந்து, சிப்பாய்களை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். தோற்றவர் ஜெயித்தவரைவிட அதிகமாகச் சிரித்தார். கூடத்தில் ஏணி மேல் நின்று எட்டிப் பார்த்த எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதிப் பாதியை நாங்களே செய்துகொண்டோம்.

பூனாவில் மஞ்சள் காமாலை வந்தது. வேலைக்கு வராதவனை மேஸ்திரி வைத்துக்கொள்ளவில்லை. ஊரில் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், குடிசை இருந்த இடத்தில் வேறு யாரோ மாடு கட்டியிருந்தார்கள். அதனால் வைண்டிங் கடையில் படுத்துக்கொண்டேன். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாமல் கம்பியை முறுக்கினேன். ஒரு சிப்பாய் வந்தான். நண்பன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தனியா நின்னு இவன் யாரோட சண்ட போடுவான்?" என்று கேட்டு, எரிந்த மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு இன்னொருவனைச் செய்தான். அது இரண்டாயிரம் பிறந்த சமயம்.

மூன்றாவதாக வந்தவர் குரும்பலூர் பெயிண்டர். பஸ் போர்டு, கடை போர்டு எழுதுபவர், எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். கடைப் பெயரை எழுத வந்தவர் அலமாரியில் வரிசையாக நின்ற மாவு மனிதர்களைப் பார்த்தார்.

"ஏன்டா இவனுங்கள அம்மணமா நிறுத்தி வச்சிருக்கீங்க?"

அடுத்த வாரம் மிச்சப் பெயிண்ட் டப்பாக்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார். இங்கிலீஷ்காரனுக்குச் சிவப்பு என்று எல்லாருக்கும் தெரியும். பிரெஞ்சுக்காரன் என்ன கலர் போட்டான் என்று ஒருவருக்கும் தெரியாது.

"நீலமா இருக்குமா மாப்ள?" என்றான் வைண்டிங்காரன்.

"எங்கிட்ட நீலந்தான் மிச்சம் கெடக்கு" என்றார் பெயிண்டர்.

"அப்ப நீலந்தான் போட்டான்."

எந்தச் சண்டையைப் போடுவது என்பதிலும் பெரிய யோசனை இல்லை. சென்னை பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியே பார்க்கிற ரஞ்சன்குடிக் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. பெயிண்டர் லைப்ரரியில் ஒரு புத்தகம் எடுத்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்ட காலம். ஒருவனுக்கு இங்கிலீஷ்காரன் துணை, இன்னொருவனுக்குப் பிரெஞ்சுக்காரன். இரண்டு படையும் கோட்டைக்கு வெளியே வந்து இறங்கிவிட்டன. கோட்டையைக் கையில் வைத்திருந்த கில்லேதாரோ இரண்டு பக்கமும் பதமாகப் பேசி, ஒருவருக்கும் கதவைத் திறக்காமல் நாளைக் கடத்தியிருக்கிறான். கடைசியில் பிரெஞ்சுக்காரன்தான் கோட்டைக்குள் போனான். இங்கிலீஷ்காரன் திருச்சிப் பக்கம் ஓடினான். இதைக் கேட்டதும் வைண்டிங்காரன் நீலத்தை எடுத்துக்கொண்டான். எனக்குச் சிவப்பு விழுந்தது.

மோட்டார் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டிக் கோட்டை கட்டினோம். சாம்பலும் பெயிண்டும் கலந்து பூசியதில் மதில் நிஜக் கருங்கல்போலவே வந்தது. வாசலுக்கு இரண்டு கதவு, கம்பிக் கீல். குதிரைக்காரன் தலை குனியாமல் போகிற அளவுக்கு வாசல் இருந்தது. அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை.

பகடைக்குத் தாயக்கட்டை. பித்தளைக் கட்டை இரண்டையும் உரசி உருட்டி, தாயம் விழுந்தால்தான் பீரங்கி வெடிக்கும். கோட்டைக் கதவு திறப்பதற்கும் தாயம் வேண்டும். ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. இதெல்லாம் எங்கள் கைகளுக்கு முன்பே பழக்கம் என்பதால் சச்சரவு வரவில்லை. சச்சரவு வந்தது அளப்பதில்தான். காலாளுக்கு ஒரு சாண், குதிரைக்கு இரண்டு சாண் என்று வைத்தோம், அவரவர் கையால் அளக்க வேண்டும். வைண்டிங்காரன் கை மண்வெட்டி. அவன் காலாள்கள் என் குதிரைகளோடு கூடவே ஓடிவந்தார்கள்.

"பிரெஞ்சுக்காரன் என்ன பறந்தா வரான்?" என்றேன்.

"கை கடவுள் குடுத்தது. ஒனக்கு பொறாமையா இருந்தா இழுத்துவிட்டு நீட்டிக்க."

கட்டைகளை வீசி எறிகிற அளவுக்குப் போனபோது, பெயிண்டரின் மனைவி சாப்பாட்டுக் கேரியரைத் திரும்ப வாங்கிப்போக வந்தார். எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா. குரும்பலூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பார். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கொழந்த குட்டி இருக்கிறவனுங்க பண்ற வேலையா இது?"

"எனக்கு இல்லக்கா" என்றேன்.

"ஒன்ன சொல்லல. நீ கணக்குலயே இல்ல."

பெயிண்டர் வழக்கை எடுத்துச் சொன்னார். அக்கா தன் கையைப் பலகை மேல் விரித்து வைத்தார். "என் சாண வச்சிக்கோங்க. எனக்கு சிவப்பும் வேணாம், நீலமும் வேணாம்." அந்தச் சாணுக்கு ஒரு குச்சியை வெட்டிக்கொண்டோம். அன்றிலிருந்து எங்கள் போர்க்களத்தில் ஒரே அளவு அதுதான். அதற்கு அக்கா சாண் என்று பெயர்.

குச்சியைக் கொடுத்தவர் சும்மா போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிப்பாய்களின் முகத்தைப் பார்த்து முகம் சுளித்தார். எங்கள் ஆட்களுக்குக் கண் என்பது இரண்டு கரும்புள்ளி. அக்கா ஊசி முனையில் வெள்ளை தொட்டு, அதற்குள் கறுப்பு தொட்டு, மேலே மயிரிழையாகப் புருவம் இழுத்தார். முதல் சிப்பாய் எங்களை நிமிர்ந்து பார்த்தான். பெயிண்டர், "வூட்டுல இவ்ளோ தெறம வச்சிகிட்டு பஸ் போர்டுக்கு நான் தனியா ஏணி ஏறிகிட்டு இருக்கேன்" என்றார். அதன் பிறகு ஞாயிறு என்றால் நான்கு பேர். யாருக்கு எந்த வேலை என்பது தானாக அமைந்தது. நான் கம்பி முறுக்குவேன், வைண்டிங்காரன் மாவு அப்புவான், பெயிண்டர் உடுப்புக்கு வண்ணம், அக்கா முகம். பேச்சும் சிரிப்புமாக ஒரு குதிரைக்காரன் உருவாக ஒரு மத்தியானம் ஆகும். நான் பார்த்த ஊர்களில் எங்கேயும் மத்தியானம் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு ஐப்பசியில் எனக்குக் கால் அரித்தது. திருச்சி ரோட்டில் இருக்கிற பாடாலூரிலிருந்து ஒரு போர்வெல் ரிக் வண்டி மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்புகிறது, ஆள் வேண்டும் என்றார்கள். பத்து நாள் கழித்து, புதன்கிழமை காலையில் ரோட்டோரம் வந்து நின்றால் ஏற்றிக்கொள்வார்கள், திரும்ப இரண்டு வருஷம் ஆகலாம். நான் சரி என்று சொல்லிவிட்டேன். வைண்டிங்காரனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் அரியலூரில் இன்னொரு கடை பிடித்திருந்தான். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்குச் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் பார்க்கும் கடை. அதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் எண்ணம். அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்திருந்த நேரம் அது.

"மாவட்டமே போயிட்டு திரும்பி வந்துருச்சு. ஒனக்கு என்னடா?" என்றான்.

"ஒரே எடத்துல ஒக்காந்தா எனக்கு ஒடம்பு ஒத்துக்காது."

"அப்ப வர்ற ஞாயித்துக்கெழம ஆடுவோம். நீ ஜெயிச்சா ரிக்குல போ, ஒரு வார்த்த கேக்க மாட்டேன். நான் ஜெயிச்சா அரியலூரு."

நான் கையை நீட்டினேன், அவன் அடித்தான். பெயிண்டர் சாட்சி. கோட்டைக்குள் எந்தப் படை போகிறதோ அந்தப் பக்கம் ஜெயித்ததாகக் கணக்கு. பக்கத்தில் முகம் எழுதிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் கேட்டார்: "கோட்ட யாரோடது?"

அதுவரை கோட்டை யாருடையதும் இல்லை.

"கில்லேதாரு நானு" என்றார் அக்கா. "யாருக்குத் தொறக்கணும்னு நான் சொல்றேன். அவன்தான் தாயம் போடலாம்."

ஞாயிற்றுக்கிழமை மழை. என் சிவப்புச் சட்டைகளைக் கோட்டைக்கு வடக்கே நிறுத்தினேன், நீலம் தெற்கே. பீரங்கி மூன்று முறை வெடித்தது, அதில் ஒன்று அவனுடைய சொந்தக் குதிரையையே சாய்த்தது. ஆளுக்குப் பாதிப் படை போனபிறகு இருவருமே வாசலுக்கு எதிரே வந்து நின்றோம். அக்கா குச்சியைக் குறுக்கே வைத்தார்.

"நிறுத்துங்க. இப்ப பேச்சு வார்த்த. பேசறப்ப யாரும் சுடக்கூடாது. எனக்கு என்ன தருவீங்க?"

வைண்டிங்காரன் முந்திக்கொண்டான். "ஒங்க கிரைண்டர் மோட்டார சுத்தித் தரேன்க்கா."

"அது போன தீவாளிலேர்ந்து ஒன் கடையிலதான் கெடக்கு. அத நீ எப்படியும் தரணும்." என் பக்கம் திரும்பினார். "நீ என்ன தர?"

என்னிடம் ஒரு பையும் இரண்டு லுங்கியும்தான் இருந்தன. "ஒங்களுக்கு என்னக்கா வேணும்?"

"யானை" என்றார். "எத்தன வருசமா பொம்ம பண்றீங்க, ஒரு கோட்டையில ஒரு யான இருக்கா? யானையோட வா, கதவத் தொறக்கிறேன்."

பலகையை அப்படியே விட்டு ஒரு பழைய புடவையால் மூடினோம். நான் கணக்குப் போட்டேன். திங்கள் கம்பியும் மாவும், செவ்வாய் பெயிண்ட், செவ்வாய் சாயங்காலம் தாயம், புதன் காலை பாடாலூர். கணக்கு சரியாக வந்தது. வைண்டிங்காரன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கம்பிச் சுருளையே தூக்கி என் மடியில் போட்டு, "எவ்ளோ வேணாலும் எடுத்துக்க" என்றான். அந்தத் தாராளத்தை அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

யானையில் உட்கார்ந்தபிறகு வேறு எதையுமே யோசிக்கவில்லை. சிப்பாய் என்பவன் கோடு. யானை அப்படி இல்லை, அதற்கு எடை வேண்டும். தும்பிக்கைக்குக் கம்பியை ஸ்பிரிங்காகச் சுற்றியதும் அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. காதுக்குப் பவுடர் டப்பாவின் தகரம். வயிற்றுக்குள் மாவு நிறையப் போகிறது என்று துணியைத் திணித்து, மேலே பூசினேன். பூசப் பூச வளர்ந்தது. நெற்றியில் மேடு, முதுகில் வளைவு, கால் நகம் ஒவ்வொன்றாக. திங்கட்கிழமை டீ குடிக்க மறந்துபோனேன் என்று அடுத்த நாள் டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பெயிண்டர் சாம்பல் நிறம் கலந்து கொடுத்தார். மழை ஈரத்தில் பெயிண்ட் காயவில்லை. வார்னிஷ் காயவைக்கும் பெட்டியில் பல்பு போட்டு உள்ளே வைத்தோம், சாயங்காலமே கரண்ட் போய்விட்டது.

"ஈர யான மதிலெல்லாம் ஒட்டிக்கும்" என்றார் அக்கா. "காயட்டும்."

"அக்கா, காலைல நான் பாடாலூர்ல நிக்கணும்."

"நில்லு. நான் வேணாம்னா சொன்னேன்?"

புதன் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியெங்கும் திருச்சி பஸ்கள் கூவி அழைத்துக்கொண்டு போயின. பாதி வழியில் திரும்பி, யானையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடை ஷட்டருக்கு அடியில் குனிந்தேன். யானை காய்ந்திருந்தது. ஆனால் தந்தம் சாம்பலாகவே இருந்தது. வெள்ளை வைத்துவிட்டுப் போகலாம் என்று பையை இறக்கினேன். வெள்ளை வைத்ததும் முதுகில் விரிப்பு இல்லாதது உறுத்தியது. சிவப்பில் விரிப்பு எழுதி, ஓரத்தில் மஞ்சள் சரிகை இழுத்தேன். சரிகைக்குப் பிறகு நெற்றிப்பட்டம். நிமிர்ந்து பார்த்தபோது வைண்டிங்காரன் எதிரே ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

"மணி என்ன?" என்று கேட்டேன்.

"ரிக்கு இந்நேரம் உளுந்தூர்பேட்ட தாண்டியிருக்கும்" என்றான்.

எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. யானைக்குக் கண் மட்டும் பாக்கி இருந்தது, அதற்கு அக்கா வர வேண்டும்.

மதியம் கரண்ட் இல்லாததால் கடையில் வேலை இல்லை. அக்கா குரும்பலூர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, யானைக்குக் கண் எழுதினார். புடவையை விலக்கினோம். சிவப்பும் நீலமும் ஞாயிறு நின்ற இடத்தில் அப்படியே நின்றன. ரிக் போனாலும் பந்தயம் பந்தயம்தான். ஜெயித்தால் அடுத்த வண்டி எதுவோ அதில் நான் போகலாம், ஒருவரும் ஒன்றும் கேட்கக் கூடாது. நான் யானையை என் படைக்கு முன்னால் நிறுத்தினேன். அதன் நிழல் என் குதிரைகள் மேல் விழுந்தது.

"நல்லா இருக்கு" என்றார் அக்கா. அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "போடு தாயம்."

கட்டையை உரசி உருட்டினேன். ஒன்றில் வெறும் பக்கம் விழுந்தது, ஒன்று ஒற்றைப் புள்ளியைக் காட்டியது. முதல் உருட்டிலேயே தாயம். நான் எழுந்து கத்திய கத்தலில் எதிர்க்கடை சைக்கிள்காரர் ஷட்டருக்குள் குனிந்து பார்த்தார். அக்கா கோட்டைக் கதவு இரண்டையும் விரலால் திறந்தார். யானையை அக்கா சாணால் அளந்து நகர்த்தினேன். தும்பிக்கை உள்ளே போனது. தந்தம் போனது. நெற்றி போனது. பிறகு போகவில்லை.

அழுத்தினேன். மதில் ஆடியது.

பெயிண்டர் குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். "மாப்ள, வாசல அளந்தியா?"

அளக்கவில்லை. அந்த மூன்று நாளில் தும்பிக்கைக்கும் காதுக்கும் நகத்துக்கும் அளவு பார்த்தவன், வாசலுக்குப் பார்க்கவில்லை. யானை தலையைக் கோட்டைக்குள்ளும் உடம்பை வெளியிலுமாக வைத்துக்கொண்டு நின்றது.

"பிளேடு குடு" என்றேன். "வாசல கொஞ்சம் வெட்டிக்கிறேன்."

"என் கோட்டையில கை வச்சே, கைய ஒடிப்பேன்" என்றார் அக்கா.

"அப்ப என் ஆளுங்க எப்படி உள்ள போறது?"

"ஒன் ஆட்டம் முடிஞ்சிருச்சு. யானதான் ஒன் படைக்கு முன்னாடி நிக்குது. இப்ப அவன் ஆட்டம். எனக்குக் கதவச் சாத்தவும் முடியல. தொறந்து கெடக்குற கதவுல யாரு வேணா வரலாம்."

வைண்டிங்காரன் கீழே குனிந்து யானையின் கால்களுக்கு நடுவே பார்த்தான். அவன் முகத்தில் வெளிச்சம் வருவதை நான் பார்த்தேன். நீலச்சட்டைக் காலாள் ஒருவனை எடுத்து, குச்சி வைத்து அளந்து, பின்னங்காலுக்கு நடுவே விட்டான். நன்றாகவே நுழைந்தான். அடுத்தவன். அதற்கடுத்தவன். நான் துணி திணித்து, மாவு பூசி, வளர்த்த அந்த வயிற்றுக்கு அடியில் பிரெஞ்சுக்காரர்கள் மழைக்கு ஒதுங்குகிறவர்கள்போல் ஒவ்வொருவராகப் போய்க் கோட்டைக்குள் நின்றார்கள்.

முதலில் சிரித்தது நான்தான். பூனாவில் பார்த்த அந்த இரண்டு பேரில் ஒருவர் தோற்றபோது எதற்காக அவ்வளவு சிரித்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வைண்டிங்காரன் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெயிண்டர், "புக்குலயும் நீலந்தான் உள்ள போனான், ஒண்ணும் மாறல" என்றார்.

சனிக்கிழமை அதே பையோடு அரியலூர் பஸ் ஏறினேன். அங்கே லாரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசியில் முடி, புருவம், டீ கிளாஸ் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். ராத்திரி கடையிலேயே படுக்கை, மழை பெய்தால் தலைமாட்டில் ஒழுகும். குறையாக எதுவும் தோன்றவில்லை. அங்கே வருஷக்கணக்கில் இருந்தேன், அதற்கு முன்னும் பின்னும் வேலைக்குப் போன எந்த ஊரிலும் அவ்வளவு காலம் நான் இருந்ததில்லை. ஞாயிறு தோறும் பெரம்பலூர் பஸ். யானையை வாசலிலிருந்து எடுக்க அக்கா விடவில்லை. அதனால் அதற்குப் பிறகு ஆடிய ஆட்டங்களில் எல்லாம் கோட்டைக்குள் போகிறவன் அதன் காலடியில்தான் போக வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்ற இருவரும் டீ வாங்கப் போயிருந்தபோது அக்காவிடம் கேட்டேன். "யான கேட்டது நாளக் கடத்தத்தானே? கில்லேதாரு பண்ண மாதிரி?"

அக்கா ஒரு குதிரைக்காரனுக்குப் புருவம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் புருவத்தை முடித்து ஊசியைத் துடைத்தார்.

"எனக்கு யான வேணும்னு இருந்துச்சு, கேட்டேன்" என்றார். "நீ எதுக்கு அதப் போயி அவ்ளோ பெருசா பண்ண?"

நான் கம்பியை எடுத்து அடுத்த ஆளுக்குக் கால் முறுக்கத் தொடங்கினேன்.